சிரிப்பு விழுந்த இடம்

ராஹில் ரெக்கார்டைக் கொண்டுவந்தபோது பேச்சிராஜா லுங்கியோடு சோபாவில் கிடந்தான். எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வருவதற்குள் அவன் மனைவி ஷாலினி உறையைப் பிரித்து, கறுப்புத் தட்டின் விளிம்பை இரண்டு உள்ளங்கைகளாலும் தாங்கிக்கொண்டு நின்றாள். கல்யாணத்தன்று தாலியைக்கூட அவள் அப்படிப் பார்க்கவில்லை என்று அவனுக்குத் தோன்றியது.

"நம்ம எல்லாரு பேரும் போட்டிருக்கான் பாத்தியா ஷாலு," என்றான் ராஹில். "பெங்களூர்ப் பயலுவோ. நம்ம பழைய ஆல்பத்த நெட்ல கேட்டுட்டுத் தேடி வந்து ரெக்கார்டாவே போட்டுட்டானுவோ."

ஷாலு. பதினாறு வருடக் குடித்தனத்தில் பேச்சிராஜா அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை.

அவள் ஒரு காலத்தில் பாடினாள் என்பது பெண் பார்த்தபோதே சொன்னதுதான். தாராவியில் ராஹிலின் வாப்பாவுக்குத் தோல் பட்டறை. அதன் மாடியில் இவர்கள் நாலைந்து பேர் கிட்டாரும் டிரம்ஸுமாகக் கூடி 'ஈரச் சுவர்' என்று ஒரு ஆல்பம் போட்டிருக்கிறார்கள். அப்போது அது விலைபோகவில்லை. ஏதோ காலேஜ் விளையாட்டு என்று பேச்சிராஜாவும் விட்டுவிட்டான்.

ராஹில் தன்னுடைய பிளேயரையும் கொண்டுவந்திருந்தான். "வச்சிக்கோங்க அண்ணாச்சி, என்கிட்ட வேற இருக்கு" என்று அவனே மேசையை ஒதுக்கி வைத்து ஓடவிட்டான். கிட்டார் மழைத்தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோலக் கலங்கிக் கலங்கி வந்தது. அதற்குள்ளிருந்து ஒரு பெண் குரல், தூக்கத்தில் நடக்கிறவளைப்போல. மூன்றாவது பாட்டின் நடுவில் ஒரு வரியை ஆரம்பித்தவள் தடுக்கி, சிரித்துவிட்டாள். வாய்விட்டு, மூச்சு முட்டி, கடைசியில் மூக்கால் ஒரு சத்தம் வருகிற சிரிப்பு. அப்புறம் அதே வரியை எடுத்துப் பாடினாள். அதை வெட்டாமல் அப்படியே விட்டிருந்தார்கள்.

வீட்டில் ஷாலினி சிரிக்காதவள் இல்லை. டிவி பார்த்துச் சிரிப்பாள், போனில் அக்காவோடு சிரிப்பாள். ஆனால் இந்தச் சிரிப்பை அவன் கேட்டதில்லை.

ராஹில் போனபின் பேச்சிராஜா கேட்டான். "அந்த எடத்துல எதுக்குச் சிரிச்ச?"

"யாருக்குத் தெரியும். ராஹில் எதாவது மூஞ்சி காட்டிருப்பான்."

மறுநாள் ஷேவ் செய்யும்போது கண்ணாடி முன்னால் பேச்சிராஜா நாக்கைத் துருத்திப் பார்த்தான், கண்ணை மாறுகண்ணாக்கிப் பார்த்தான். நுரை பூசிய அந்த முகம் அவனுக்கே சிரிப்பை வரவழைக்கவில்லை. அவன் வேலை பார்க்கும் வடாலா கோடவுனில் லாரிகள் உள்ளே வந்து போய்க்கொண்டிருந்தன. அவன் காதில் அந்த மூக்குச் சத்தம்தான் கேட்டது. வீட்டுக்கு வந்தால் அவள் சப்பாத்தி தேய்த்துக்கொண்டே ரெக்கார்டைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருப்பாள். அந்த இடம் வரும்போது அவள் உதடு லேசாக விரிவதை அவன் பார்க்காததுபோல் பார்ப்பான்.

ஞாயிற்றுக்கிழமை அவள் செம்பூர் மார்க்கெட்டுக்குப் போனாள். அவன் ரெக்கார்டை ஓடவிட்டு, சிரிப்பு வந்ததும் ஊசியைத் தூக்கினான். பைக் சாவியால் அந்த இடத்தில் ஒரு இழுப்பு. தலைமயிர் விழுந்ததுபோல ஒரு கோடு, அவ்வளவுதான். தட்டை ஊதி, பழையபடி வைத்துவிட்டு, தண்ணீர் குடித்தான்.

சாயங்காலம் அவள் பாட்டைப் போட்டுவிட்டு அடுக்களைக்குள் போனாள். அந்த இடத்தில் கரகரவென்று ஏதாவது கேட்கும், சிரிப்பு அழிந்துபோயிருக்கும் என்று அவன் நினைத்திருந்தான். சிரிப்பு வந்தது. முடியுமுன் மறுபடி வந்தது. மறுபடியும். ஊசி அந்தக் கோட்டில் இடறி, திரும்பத் திரும்ப அங்கேயே விழுந்தது. இருபத்திரண்டு வயது ஷாலினி வீடு முழுக்க நிற்காமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவன் எழுந்திருக்கவில்லை. ஈரக்கையோடு வந்த ஷாலினி முதலில் பிளேயரைப் பார்த்தாள், அப்புறம் அவனை. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஊசியைத் தூக்கினாள். தட்டை டியூப் லைட்டுக்கு நேராகச் சாய்த்துப் பார்த்தாள்.

"கத்தியா?"

"சாவி," என்றான்.

அவள் கத்துவாள், அழுவாள், ராஹிலுக்குப் போன் போடுவாள் என்று காத்திருந்தான். அவள் தட்டை உறைக்குள் போட்டுவிட்டுத் துணி எடுக்கப் பால்கனிக்குப் போனாள்.

கொஞ்ச நேரம் கழித்துப் பால்கனியிலிருந்து அவள் பாட்டு கேட்டது. நின்றுபோன வரியிலிருந்து எடுத்து, மெதுவாக, கிளிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே பாடினாள். வயதாகிக் கொஞ்சம் தடித்த குரல். எதிர் பில்டிங்கில் துணி மடித்துக்கொண்டிருந்த மராத்திக்காரப் பெண் கையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். ஷாலினி அவளைப் பார்த்துப் பாடினாள். ஏதோ ஒரு இடத்தில் அந்தப் பெண் தலையாட்டிச் சிரித்தாள், யாருக்கோ பதில் சிரிப்பு சிரிப்பதுபோல. கதவோரம் நின்ற பேச்சிராஜாவுக்குத் தெரிந்தது ஷாலினியின் முதுகு மட்டும்தான்.