மஞ்சள் இல்லாத தகடு

கண்ணுக்குத் தெரியாத ஒன்றை எப்படிக் காட்டுவது, நீங்களே சொல்லுங்கள்.

காஸாபிளாங்காவுக்கு வெளியே, விமானப் பாகங்களுக்குப் பூச்சு போடுகிற பட்டறையில் பரிசோதனைக்கூடம் என் பொறுப்பு. அங்கே எல்லோரும் என்னை மரியாதையாக லல்லா என்றுதான் கூப்பிடுவார்கள். அலுமினியம் அரிக்காமல் இருக்க இத்தனை காலமும் குரோமியத் தொட்டியில்தான் முக்கினோம். தகடு தங்கம்போல மஞ்சளாக வெளியே வரும். பார்க்க அழகு, சுவாசித்தால் விஷம். தொட்டியில் நிற்கிற ஹம்மாதுக்கு மூக்கில் புண் ஆறவே இல்லை. அவனை வேறு இடத்துக்கு மாற்றலாம்தான், அங்கே இன்னொருவன் மூக்கு வந்து நிற்கும்.

ஒருவழியாக விஷமில்லாத கரைசல் ஒன்றைக் கண்டுபிடித்தோம். உப்புப் புகைப் பெட்டியில் வாரக்கணக்கில் வைத்தும் தகட்டில் ஒரு புள்ளி விழவில்லை. ஒரே குறை, அதற்கு நிறம் கிடையாது. தர அதிகாரி ஹாஜ் லர்பி ஒவ்வொரு தகட்டையும் திருப்பி அனுப்பினார்.

"லல்லா இத்தோ, இதுல ஒண்ணுமே பூசலையே!"

"பூசியிருக்கு ஹாஜ்."

"எங்க? காட்டு."

"கண்ணுக்குத் தெரியாது."

"தெரியாததுக்கு எப்படிக் கையெழுத்துப் போடுவேன்? முக்காம விட்டது ஒண்ணு கலந்துட்டா, வானத்துல பறக்குறது என் கையெழுத்துத்தானே?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் எரிச்சலே.

விமானக் கம்பெனி ஆட்கள் வருகிற வாரம் அது. அவர்கள் முன்னால் ஹாஜ் கையெழுத்துப் போட்டால் பழைய தொட்டியை மூடலாம். இல்லையென்றால் இன்னொரு வருஷம் ஹம்மாத் அங்கேதான். காலையில் வந்து பார்க்கிறேன், புதுத் தொட்டித் தகடெல்லாம் மஞ்சளாகத் தொங்குகிறது! ஹாஜ் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

"இப்பத்தான் பூச்சு மாதிரி இருக்கு!"

விரலால் தேய்த்தேன். மஞ்சள் விரலோடு வந்தது. என் சமையலறையில் தினமும் பார்க்கிற மஞ்சள். குங்குமப்பூ வாங்க முடியாதவர்கள் தாஜீன் குழம்பில் போடுவோமே, அந்தக் கலர் பொடி!

"ஹம்மாத்! என்னடா பண்ணின?"

"ஹாஜ் மஞ்சளாக் கேட்டாரு லல்லா. அம்மா கோழிக்கு இதத்தான் போடுவாங்க."

"இது கோழியாடா? ஆலிவும் போட்டியா, இல்ல அது நாளைக்கா?"

"மூக்கு எரியுது லல்லா. சீக்கிரம் முடியட்டும்னுதான்..."

மொத்தக் கரைசலையும் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்கினோம். கலக்கும்போதுதான் உறைத்தது: ஹாஜுக்கு வேண்டியது மஞ்சள் இல்லை, பார்க்க ஏதோ ஒன்று. மயில்துத்தத்தோடு கொஞ்சம் உப்பைக் கரைத்து, அந்த நீலத் தண்ணீரை ஒரு சொட்டுப் புட்டியில் ஊற்றினேன்.

கம்பெனி ஆட்கள் முன்னால் அதை ஹாஜ் கையிலேயே கொடுத்தேன். பூச்சே போடாத வெறும் தகட்டில் விட்ட சொட்டு கறுத்துப் போனது. புதுக் கரைசலில் முக்கிய எங்கள் தகட்டில் நீலமாகவே நின்றது. ஹாஜ் நம்பவில்லை. தானே போய்த் தொங்கிக்கொண்டிருந்ததில் ஒன்றை எடுத்துவந்து, வெட்டி எறியப்போகிற ஓரத்தில் விட்டுப் பார்த்தார். அதுவும் நீலம். மூக்குக் கண்ணாடி தகட்டில் இடிக்கிற அளவுக்குக் குனிந்திருந்தவர் நிமிர்ந்து கையெழுத்துப் போட்டார்.

பேனாவை மூடிக்கொண்டே, "எல்லாம் சரி, லேசா மஞ்சளா வர்ற மாதிரி செய்ய முடியாதா?" என்றார்.

பதில் சொன்னால் சண்டை வரும் என்று எழுந்து போய்விட்டேன். ஹம்மாத் பழைய தொட்டிக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தான். சட்டைப் பையில் இன்னொரு கலர் பொடி பாக்கெட் துருத்திக்கொண்டிருந்தது. பிடுங்கிக்கொண்டேன்.

"ஐயோ லல்லா, அது வீட்டுக்கு! கோழிக்கு!"

"அம்மாவ வந்து வாங்கிக்கச் சொல்லு."