இடியாத வீடு

மலையடிவாரத்து விடுதியில் சேர்த்த இருபதாம் நாளே மகள் ஓடி வந்துவிட்டாள். ஒன்பது வயசுப் பிள்ளை, பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளையும் ஒற்றை ஆளாக நடந்தே ஏறியிருந்தாள். அடுப்படியில் நின்ற அம்மாவைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டாள். கால்விரல் இரண்டில் நகம் பெயர்ந்திருந்தது.

"அங்க ஜன்னலத் தொறந்தா சுவருதான்மா தெரியுது" என்றாள். வேறு குறை சொல்லத் தெரியவில்லை.

ஆறு பிள்ளைகளுக்கு ஒரு வாத்தியாரா என்று மலைமேல் இருந்த பள்ளிக்கூடத்தை அந்த வருஷம்தான் மூடியிருந்தார்கள். மற்ற ஐந்து பேரும் படிப்புக்கு முழுக்குப் போட்டுவிட்டு ஆடு மேய்க்கப் போனார்கள். இவளை அப்படி விட அப்பாவுக்கு மனசு வரவில்லை. அவர் சாலைப் பணியாளர். பாதையில் சரியும் மண்ணையும் பாறையையும் அகற்றுவதுதான் வேலை. "கைநாட்டு வச்சு வச்சு என் கட்டவிரலே தேஞ்சு போச்சு. எம்புள்ளையாவது பேனாவத் தேய்க்கட்டும்" என்பார்.

கொண்டுபோய் விட்டார். மறுபடி வந்தாள். மூன்றாம் முறை கொட்டுகிற மழையில் வந்தாள். அவள் கடந்த சற்று நேரத்துக்கெல்லாம் எட்டாவது வளைவில் பாறை உருண்டு விழுந்தது. அதை நெம்பித் தள்ளிவிட்டு வீடு திரும்பியவர், ஈரத்தோடு உட்கார்ந்திருந்த பிள்ளையைப் பார்த்ததும் கடப்பாரையை வாசலில் போட்டுவிட்டு அவள் தலையைத் துவட்டினார்.

"இன்னொரு தடவ வந்தா இவ நமக்கு மிஞ்ச மாட்டா" என்றார்.

விடிந்ததும் விடுதியில் விட்டார். அந்த மாசக் கடைசியில் தனியாக இறங்கிப் போனவர், வீடு மண்சரிவில் போய்விட்டது என்று மகளிடம் சொல்லிவிட்டு வந்தார். நானும் அம்மாவும் பணியாளர் ஷெட்டில் கிடக்கிறோம், அங்கே உனக்கு இடமில்லை குட்டி, என்று.

அவர் வந்து சொன்னதைக் கேட்டு அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "உங்களுக்கு வாய் கூசலையா?"

"கூசுச்சு."



விடுமுறைக்கெல்லாம் அடிவாரத்திலிருந்த சித்தி வீட்டுக்குத்தான் மகள் வருவாள். அம்மாவும் அங்கே போவாள்.

"நான் சுவத்துல கிறுக்குனதெல்லாம்?"

"போச்சுடி."

"பரண்ல இருந்த என் சட்ட?"

"அதுவும்தான்."

தலை பின்னிவிட்டபடியே பதில் சொல்வாள் அம்மா. மலை ஏறி வந்து, கதவைத் திறந்து, அந்தச் சுவர் எதிரேயே படுப்பாள். இரண்டாம் வருஷத்தோடு மகள் கேட்பதை நிறுத்திவிட்டாள். ஓடி வருவது அதற்கு முன்பே நின்றிருந்தது. வகுப்பில் முதலாவதாக வந்தாள். அப்பா பார்ப்பவரிடமெல்லாம் சொல்லித் தீர்த்தார்.

அவள் பத்தாவது படிக்கும்போது பக்கத்து மேட்டுக் குடியிருப்பிலிருந்து ஒரு சிறுமி விடுதியில் சேர்ந்தாள். "அக்கா, வர்ற வழியில உங்க வீட்லதான் தண்ணி குடிச்சோம்" என்று வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டாள்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் முற்றத்தில் உருளைக்கிழங்கைத் தரம் பிரித்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தாள். படலுக்கு வெளியே மகள் நின்றிருந்தாள். 

மகள் வீட்டைச் சுற்றி வந்தாள். உள்ளே போய்ச் சுவரைத் தடவினாள். பரணை அண்ணாந்து பார்த்தாள். பிறகு வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"செத்தவங்களுக்கு அழற மாதிரி அழுதேன்மா. போர்வைக்குள்ள, ரெண்டு வருஷம்."

"நீ படிக்கணும்னுதான் கண்ணு..."

"படிச்சேனே."

சாயங்காலம் வேலை முடிந்து வந்த அப்பா, மகளின் செருப்பை வாசலில் பார்த்ததும் உள்ளே வராமல் வெளியிலேயே நின்றுவிட்டார். "அம்மா மேல கோவப்படாத. பொய் சொன்னவன் நான்" என்றார்.

"கோவமில்லப்பா" என்றாள் மகள். மெய்யாகவே அவள் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் அவர் தாங்கியிருப்பார்.

பரீட்சை முடிந்த லீவுக்கு அவள் மலைக்கே வந்தாள். அம்மா தலைகால் புரியாமல் ஓடியாடிச் சமைத்தாள். சோற்றைப் போட்டு உட்காரச் சொன்னபோது மகள் அடுப்படி வாசலிலேயே தயங்கி நின்றாள்.

"அம்மா, நான் எங்க உக்காரட்டும்?"

அம்மா பாயை விரித்துப் போட்டுவிட்டு, குழம்பு எடுப்பதுபோல் திரும்பிக்கொண்டாள்.