மூப்பர் பதவியும் ஒரு டப்பா ஐஸ்கிரீமும்

இந்தக் காலத்து ஆட்களுக்கு மன்னிப்புக் கேட்பதென்பது தும்மல் மாதிரி. வருகிறது, போட்டுவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். பஸ்ஸில் ஒருத்தன் என் காலை மிதித்துவிட்டு 'சாரி' என்றான். திரும்பிப் பார்த்தால் போனில் வேறு யாரோடோ பேசிக்கொண்டிருக்கிறான். அந்த சாரி எனக்கா, போனில் இருந்தவனுக்கா என்று இன்றுவரை தெரியாது. வலித்தது என் கால், அது மட்டும் தெரியும்.

சர்ச்சிலும் இதே கதைதான். நான் சர்ச்சுக்குப் போகாதவன் இல்லை. யார் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பதற்காகவாவது போய்விடுவேன். அங்கே எல்லாரும் எழுந்து நின்று ஒரே குரலில் பாவ அறிக்கை சொல்வார்கள். கூட்டமாகப் பாடும்போது எவன் சுருதி விட்டான் என்று கண்டுபிடிக்க முடியாது இல்லையா, அந்த மாதிரி. அது முடிந்ததும் பாஸ்டர் மன்னிப்பு உண்டு என்பார். அடுத்தது பாட்டு.

நான் பெரிய படிப்புப் படித்தவன் இல்லை. உடம்பில் தெம்பு இருந்த காலத்தில் ஒரு கோல்டு ஸ்டோரில் வேலை பார்த்தேன். ஐஸ்கிரீம் பெட்டிகளைக் கூரை வரை அடுக்கி வைத்திருக்கும் இடம். அதன் கதவு சுவர் மாதிரி தடிமன். சாத்தி, கைப்பிடியைக் கீழே இழுத்து, தோளால் ஒரு இடி இடிக்க வேண்டும். பிறகு ஓரத்து ரப்பர் பட்டை உட்கார்ந்துவிட்டதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். அந்த இடியைக் கொடுக்காவிட்டால் மூடின மாதிரி இருக்கும், மூடியிருக்காது. தினமும் கடைசியாக அதை மூடுவது என் பொறுப்பு.

ஒரு நாள் காலையில் நான் போனபோது ஐஸ்கிரீம் எனக்கு எதிரே வந்துகொண்டிருந்தது. முற்றத்தைத் தாண்டி, கேட்டுக்கு அடியில் புகுந்து, தெருச் சாக்கடை வரை. வெள்ளை, ரோஸ், பழுப்பு. தெருநாய்களுக்கு அன்றைக்குக் கல்யாணம். முதலாளி பாலிஷ் போட்ட ஷூவோடு அதன் நடுவில் நின்றுகொண்டு, யார் கடைசியாக உள்ளே போனது என்று கேட்டார். என் தங்கச்சி புருஷனும் அங்கேதான் வேலை பார்த்தான். லாரியில் பெட்டி ஏற்றுகிற வேலை, நான் சொல்லிச் சேர்த்துவிட்டதுதான். "மச்சான்தான் போனார். நான் பார்த்தேன்" என்றான்.

வேலை போயிற்று. ஊரில் எனக்கு 'உருக்கி' என்று பேர் வைத்தார்கள். உருக்கிக்கு எந்த கோல்டு ஸ்டோரிலும் இடமில்லை. அப்புறம் மூட்டை தூக்கினேன், வண்டி நிறுத்துமிடத்தில் காவல் இருந்தேன். பேர் மட்டும் கூடவே வந்தது. அதைவிடக் கேவலம், போகப் போக நானே நம்பிவிட்டேன். அன்றைக்கு அந்த இடியைக் கொடுத்தேனா இல்லையா என்று படுத்தபடி தோளைத் தடவிப் பார்ப்பேன். தோளுக்கு ஞாபகம் இருக்குமா என்ன.

மாப்பிள்ளை கதை வேறு மாதிரிப் போனது. சர்ச்சில் மாதத்துக்கு ஒரு ஞாயிறு திருவிருந்து. ஒரு துண்டு அப்பம், குட்டிக் கிண்ணத்தில் கொஞ்சம் திராட்சைச் சாறு, எல்லாருக்கும் கொடுப்பார்கள். ஒரு தடவை அந்த நேரம் பார்த்து எவனோ வெளியே நின்ற ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான். அதிலிருந்து, தட்டு சுற்றி வரும்போது யாராவது ஒருத்தர் கேட்டில் நிற்க வேண்டும் என்று முடிவானது. மாப்பிள்ளை நான் நிற்கிறேன் என்றான். ஒரு தடவை இல்லை, எல்லா மாதமும். வேறு யாராவது முறை கேட்டாலும் விடமாட்டான். நம் ஸ்கூட்டருக்காகத் தன் பங்கையே விட்டுக்கொடுக்கிற மனுஷன் என்று சபையே உருகியது. அவர்கள் உருகினால் அதற்கு வேறு பேர்.

கடைசியில் அவனை மூப்பராகத் தேர்ந்தெடுத்தார்கள். பாஸ்டரோடு சேர்ந்து தட்டை ஏந்தி எல்லாருக்கும் கொடுக்கிற பதவி. பதவி ஏற்க வேண்டிய ஞாயிற்றுக்கிழமை காலையில், ஆராதனைக்கு முன்னால் பாஸ்டர் என்னைப் பக்கத்து அறைக்குக் கூப்பிட்டார். சின்ன அறை. ஆணியில் அங்கி தொங்குகிறது, மூலையில் உடைந்த மைக் ஸ்டாண்டு, மேஜை மேல் சாறு ஊற்றி வைத்த கிண்ணத் தட்டுகள். மாப்பிள்ளை நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான்.

"உக்காருங்க மச்சான்."

"நிக்கிறேன். சொல்லு."

"அந்தக் கதவு. நான்தான் திறந்தேன்."

எந்தக் கதவு என்று நான் கேட்கவில்லை. என் வாழ்க்கையில் ஒரே ஒரு கதவுதான்.

"நீங்க சாத்திட்டுப் போனப்புறம் திரும்பி வந்தேன். சாவி ஆணியிலதானே தொங்கும். ஒரு டப்பா எடுத்தேன். அவ அப்ப மாசமா இருந்தா, ஐஸ்கிரீம் ஐஸ்கிரீம்னு அதே பேச்சு. வெளிய வந்து சாத்துனேன். இடி குடுக்க மறந்துட்டேன்."

"மறந்துட்டே."

"ஆமா. மறுநாள் முதலாளி கேட்டதும் பயத்துல உங்க பேரைச் சொல்லிட்டேன்."

"அதை மட்டும் மறக்கல."

பாஸ்டர் இளவயசுக்காரர். பேசுவதற்கு முன்னால் இரண்டு கையையும் கோத்துக்கொள்வார். கோத்துக்கொண்டார். "ஐயா, இவர் இதைக் கடவுள்கிட்ட எத்தனையோ தடவை அறிக்கை பண்ணிட்டார்."

"நல்லது. கடவுளுக்கு வேலை போச்சா? கடவுளை உருக்கின்னு கூப்பிட்டாங்களா? எனக்கு வரவேண்டிய பார்சலை அடுத்த தெருவுல குடுத்தா கணக்குல சேருமா?"

"உங்களுக்குச் செஞ்சது அவருக்கும் செஞ்சதுதான். பிள்ளைய அடிச்சா அப்பாவுக்கு வலிக்காதா?"

"வலிச்சிருந்தா அன்னைக்கே முதலாளி காதுல ஒரு வார்த்தை போட்டிருக்கலாம்."

பாஸ்டர் கோத்த கையைப் பிரித்துவிட்டார். மாப்பிள்ளைதான் பேசினான். தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"ஜெபம் பண்ணா யாரும் கேக்கலைன்னா பரவாயில்ல மச்சான். அவர் கேக்குறார். அதுதான் கஷ்டமே. நான் சொல்றதை எல்லாம் கேட்டுட்டு, 'சரி, உன் மச்சான் எப்படி இருக்கான்?'னு கேக்குற மாதிரி இருக்கும். அதோட எந்திரிச்சுடுவேன். அந்தக் கேள்வியோட எப்படி அவர் பந்தியில போய் உக்கார்றது? அதான் கேட்டுக்குப் போயிட்டேன்."

"நல்லா இருக்கான்னு சொல்லிட வேண்டியதுதானே. பொய் உனக்குப் புதுசா?"

பாஸ்டர் குறுக்கே வந்தார். "இவர் இப்பவும் அவர் பிள்ளைதான் ஐயா. வீட்டை விட்டு யாரும் துரத்தல. ஆனா தப்பு பண்ணின பிள்ளை அப்பா முகத்தைப் பாக்க முடியாம, சாப்பாட்டு நேரத்துல வாசல்லயே நிக்கிறதில்லையா? உறவு அறுந்து போகல, பேச்சு நின்னு போச்சு."

"வாசல்ல நின்னவனுக்கு மூப்பர் பதவி. உள்ள உக்காந்தவனுக்கு உருக்கிப் பட்டம். நல்ல வீடுய்யா உங்க வீடு."

"எனக்குப் பதவி வேணாம் மச்சான். இன்னைக்குச் சபையில எல்லாத்தையும் சொல்லிடப்போறேன். மொதல்ல உங்ககிட்ட சொல்லணும்னு நெனச்சேன். இதுக்கு மேல என்னால வெளிய நிக்க முடியல."

"மன்னிச்சேன்னு நான் சொல்லணும், அதானே? சொல்றேன். காசா பணமா."

"சும்மா சொல்ல வேணாம்."

"எனக்குச் சும்மாதான் வரும்."

"நீங்க நேரம் எடுத்துக்குங்க ஐயா" என்றார் பாஸ்டர்.

"மாப்ள எடுத்துக்கிட்ட அளவுக்கு எடுத்துக்கலாமா? அவ்வளவு நாள் நான் உயிரோட இருக்கணுமே."

யாரும் சிரிக்கவில்லை. மணி அடித்தார்கள், வெளியே வந்துவிட்டேன்.

சொன்னபடியே செய்தான். பேர் கூப்பிட்டதும் முன்னால் போய் நின்று, சாவி, டப்பா, கதவு, பொய் என்று ஒன்று விடாமல் சொன்னான். இந்தப் பதவிக்கு நான் லாயக்கில்லை என்று முடித்தான். பிறகு ஆர்கன் வாசிக்கிற அம்மா மூக்கை உறிஞ்சினார். ரிட்டயரான ஹெட்மாஸ்டர் ஒருத்தர் இருக்கிறார், மூத்த மூப்பர். அவர் எழுந்து சபையைப் பார்த்துத் திரும்பினார்.

"பாத்தீங்களா? சொந்தக்காரர் செஞ்ச தப்பைத் தன் தலையில போட்டுக்கிறார். அதுவும் இந்த நாள் பார்த்து. இதுதான் தாழ்மை. இவரை விட்டா மூப்பருக்கு யாரைத் தேடுவீங்க?"

ஆமா, ஆமா என்று பெஞ்சு பெஞ்சாகத் தலைகள் ஆடின.

"இல்லைங்க, நெசமாவே நான்தான்" என்றான் மாப்பிள்ளை. ஆர்கன் அம்மாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"அவர் சொல்றது உண்மை" என்றார் பாஸ்டர். ஹெட்மாஸ்டர் அவரைப் பார்த்துப் புன்னகை செய்தார். நீங்களும் நல்லவர்தான் என்கிற புன்னகை.

சரி, நாமே சொல்லிவிடுவோம் என்று எழுந்தேன். "மாப்ள சொல்றது நெசம். கதவைத் திறந்தது அவன்தான்."

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். சந்தில் சிந்து பாடுகிறவனைப் பார்க்கிற பார்வை. ஹெட்மாஸ்டர் தன்மையாகவே சொன்னார்: "உக்காருங்க. உங்க பாரத்தையும் உங்க மாப்பிள்ளைதான் சுமக்கிறாரே. அதோட விட்டுடுங்க."

பாவம் செய்தவன் செய்தேன் என்கிறான், பட்டவன் பட்டேன் என்கிறான். இரண்டும் எடுபடவில்லை. நான் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த என் தங்கச்சி எழுந்தாள்.

புருஷன் கேட்டுக்குப் போய்விடுவதால் அவள் எப்போதும் என் பக்கத்தில்தான் உட்காருவாள். முன் பெஞ்சின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அந்த ஐஸ்கிரீமைச் சாப்பிட்டது நான்தான். டப்பா மேல கம்பெனி பேர் இருந்துச்சு. மறுநாள் அண்ணனுக்கு வேலை போனப்ப ஏன் போச்சுன்னும் தெரியும். சொன்னா இவருக்கும் வேலை போயிடும், வயித்துப்பிள்ளையோட என்ன செய்யறதுன்னு வாயை மூடிக்கிட்டேன். அதுக்கப்புறம் இவர் பந்தியில உக்காரல. நான் உக்காந்தேன். மாசாமாசம் கண்ணை இறுக்க மூடிக்கிட்டு வாங்கிக் குடிச்சேன்."

இதை யாரும் தாழ்மை என்று சொல்லவில்லை. ஹெட்மாஸ்டர் மெதுவாக உட்கார்ந்தார். ஐஸ்கிரீம் சாப்பிட்டேன் என்று யாரும் பெருமைக்குச் சொல்லமாட்டார்கள் என்று தோன்றியிருக்கும்.

எனக்கு என்ன தோன்றியது என்றால், என் வேலை போன பிறகு இவள் அடிக்கடி என் அறைக்கு வருவாள். வெந்நீர் வைத்துக் கொடுத்து, மூட்டை தூக்கின தோளில் தைலம் தேய்த்துவிடுவாள். "விடுங்கண்ணே, மறதி யாருக்குத்தான் வராது" என்பாள். அந்தத் தோளைத்தான். அந்தக் கையால்தான். மாப்பிள்ளை பொய் சொன்னதைக்கூட ஜீரணித்துவிடலாம், அவன் வந்தவன். இவள் கூடப் பிறந்தவள்.

அன்றைக்கு மூப்பர் பதவி யாருக்கும் கொடுக்கவில்லை. பாஸ்டரே தட்டை எடுத்து வந்தார். மாப்பிள்ளை எங்கள் பெஞ்சின் ஓரத்தில், தங்கச்சிக்கு அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தான். கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்தான், சூடான டீயைப் பிடிக்கிற மாதிரி. குடித்தான். அழவில்லை, ஒன்றுமில்லை. தலையைத் தூக்கி நேரே பார்த்தான், அவ்வளவுதான். அவன் நேரே பார்த்து நான் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

தட்டு தங்கச்சி கைக்கு வந்தது. அவள் எடுக்கவில்லை.

"அண்ணே, நீங்க எடுத்தா நானும் எடுக்கிறேன்."

"உனக்கும் கடவுளுக்கும் நடுவுல என்னை எதுக்கு இழுக்குற? எடு. சிந்தப்போவுது."

எடுத்தாள். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு குடித்தாள்.

பிறகு தட்டு என்னிடம் வந்தது. நான் ஒரு மாதம்கூட விட்டவன் இல்லை. முதலாளி மேல் எரிச்சல், ஊர் மேல் எரிச்சல், என் தோள் மேலேயே எரிச்சல், எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு வாங்கிக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறேன். யார் மேல் கோபம் என்று தெரியாத வரைக்கும் தொண்டையில் இறங்கியது. இப்போது தெரிந்துவிட்டது. கை தட்டு வரைக்கும் போனது, அதற்கு மேல் போகவில்லை. பாஸ்டர் காத்திருந்தார். நான் தட்டை அடுத்த ஆளிடம் தள்ளிவிட்டு எழுந்தேன்.

படியிறங்கும்போது மாப்பிள்ளை பின்னாலேயே வந்தான்.

"மச்சான், நீங்க எடுக்கல."

"சாறு புளிப்பு."

"நீங்க குடிக்கவே இல்லையே."

"பார்த்தாலே தெரியுது. உள்ள போ. உனக்குத்தான் இடம் கெடச்சாச்சே."

"உங்க இடமும் அங்கதான் மச்சான் இருக்கு. அவ அதுல பையை வச்சிருக்கா, வேற யாரும் உக்காராம."

"பையே உக்காரட்டும்" என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தேன். அவன் கூப்பிடவில்லை, அங்கேயே நின்றான் என்று நினைக்கிறேன். திரும்பிப் பார்க்கவில்லை.

திருடினவன் உள்ளே. தின்றவள் உள்ளே. ஒன்றும் செய்யாத நான், இத்தனை வருஷமும் தவறாமல் உள்ளே இருந்தவன், இன்றைக்கு வெயிலில் தெருவோடு போகிறேன். என்னை யாரும் துரத்தவில்லை, அது வாஸ்தவம்தான். ஆனாலும் இதில் நியாயம் எங்கே இருக்கிறது என்று அந்தப் பாஸ்டர் இரண்டு கையையும் கோத்துக்கொண்டு எவ்வளவு சொன்னாலும் எனக்கு ஏறாது.