பீரோவைத் தள்ளுகிறவள்

பேருந்து இரண்டாவது நிறுத்தத்தைத் தாண்டுவதற்குள் சிட்டு சட்டைக் காலரைக் கடிக்க ஆரம்பித்துவிட்டாள். மூன்றாவது நிறுத்தத்தில் முன் இருக்கையை உதைத்தாள். அதில் இருந்தவர் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார், இன்னொரு தடவை பார்த்தார், அப்புறம் எழுந்து வேறு இடம் தேடிப் போய்விட்டார். அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பத்தரைக்குப் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டும். பிள்ளையோடு அரை மணி நேரம் இருந்து பார்த்துவிட்டுத்தான் சேர்ப்பதா வேண்டாமா என்று சொல்வேன் என்று தலைமை ஆசிரியை போனிலேயே கறாராகச் சொல்லியிருந்தார். ஏற்கெனவே இரண்டு பள்ளிக்கூடங்கள் கையை விரித்துவிட்டன. இதையும் விட்டால் போய்வருகிற தூரத்தில் வேறு கிடையாது.

ஜன்னலோரம் இருந்த அப்பா வெளியே பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிள்ளை ஏன் இப்படித் துடிக்கிறாள் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

வீடு மாற்றுகிறவர்களுக்குச் சாமான் தூக்குவது அவர் வேலை. லிஃப்ட் இல்லாத கட்டடம் ஒன்றில் இரும்பு பீரோவை ஒற்றை ஆளாக முதுகில் போட்டுக்கொண்டு மூன்றாம் மாடி ஏறினார். அன்றிலிருந்து அவர் பெயரே பீரோ. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் பிழைத்துக் கிடக்கிறது. தூக்கித் தூக்கி இடது தோள் ஒரு விரற்கடை இறங்கிவிட்டது. சிட்டு பிறந்த அன்றே மனுஷன் முடிவு பண்ணிவிட்டார், இவள் ஒரு துரும்பைக்கூடச் சுமக்கக் கூடாது என்று. அவரிடம் போய், சத்தமும் கூட்டமும் தாங்காத இந்தப் பிள்ளைக்குக் கனம்தான் மருந்து என்றால் தொண்டையில் இறங்குமா?

"தள்ளணும், இழுக்கணும், சுமக்கணும். அப்பதான் அவ உடம்பு அவளுக்குப் பிடிபடும், அடங்கும். வெளியே கூட்டிட்டுப் போறப்ப அளவா ஒரு கனம் குடுத்துடுங்க" என்று சிட்டுவுக்குப் பயிற்சி கொடுக்கும் தெரபிஸ்ட் சொன்னதை அம்மா சிக்கெனப் பிடித்துக்கொண்டாள். தண்ணீர் நிரப்பிய இரண்டு பாட்டில், ஒரு தடிப் புத்தகம், எல்லாம் சமையலறைத் தராசில் நிறுத்து முதுகுப்பையில் வைப்பாள். பேருந்தில் அந்தப் பை சிட்டுவின் மடியில், இறங்கினால் முதுகில். மூன்று மாதமாக அது பலித்துக்கொண்டும் இருந்தது. நேற்றுக் குளிப்பாட்டும்போது அந்தச் சின்னத் தோளில் வார் பதிந்த கோட்டைப் பார்த்துவிட்டார் பீரோ. பொறுக்கவில்லை. இன்று காலை அம்மா தலை வாரிக்கொண்டிருந்தபோது பாட்டிலையும் புத்தகத்தையும் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, பை உப்பலாகத் தெரிய ஒரு போர்வையைத் திணித்து, தானே பிள்ளைக்கு மாட்டியும் விட்டார்.

சிட்டு இப்போது தலையை முன் இருக்கைக் கம்பியில் இடித்தாள். அம்மா சட்டென்று நெற்றிக்குக் கை கொடுத்து, மடியில் பையைச் சரியாக வைக்கப் போனாள். பை பஞ்சாக மேலே வந்தது.

"இதுல வச்சதெல்லாம் எங்கங்க?"

"கட்டிலுக்கு அடியில."

"ஏன்?"

"அவ தோளைப் பாத்தியா நீ? நான் சுமக்கறது போதாதா?"

அம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "உங்க தோள்ல இருக்கறது உங்க வலி. அவ வலி வேற" என்றாள் மெதுவாக.

அதற்குள் சிட்டு காதைப் பொத்திக்கொண்டு அலறத் தொடங்கியிருந்தாள். ஒரு நிறுத்தம் முன்னதாகவே இறங்க வேண்டியதாயிற்று. மணி பத்து எட்டு. பள்ளிக்கூடம் ஏற்றச் சாலையின் உச்சியில். சிட்டு நடைபாதையில் உட்கார்ந்து முஷ்டியால் தலையில் அடித்துக்கொண்டாள். ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கலாம் என்றால் அந்தச் சாலையில் ஒரு கடையும் இல்லை. "இப்படியே உள்ள போனா முடிஞ்சுது கதை" என்றாள் அம்மா.

பீரோ ஏற்றத்தை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார். பிறகு அவர் பிள்ளைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

"சிட்டு, பீரோவை மேல ஏத்தணும். ஆள் பத்தல. வந்து தள்ளு."

முதலில் விழுந்தது அடி. இரண்டு கையாலும் முதுகில் மாறி மாறி அடித்தாள். அவர் அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் அடி நின்று உள்ளங்கைகள் இடுப்புக்கு மேல் பதிந்தன. அவர் பின்பக்கம் சாய்ந்து கொடுத்தார். எவ்வளவு கனத்துக்கு ஒரு உடம்பு எவ்வளவு எதிர்த்து நிற்கும் என்பது அவருக்கு அத்துப்படி. குறைந்தால் அவளுக்குப் பிடிமானம் போய்விடும், கூடினால் சறுக்கிவிடுவாள். ஆறு வயதுக்கு எவ்வளவோ அவ்வளவு மட்டும் கனத்தார். "கையால இல்ல, காலால தள்ளு. அப்படித்தான். நிறுத்து. மூச்சு விடு. தள்ளு" என்றார், லாரியில் புதுப் பையன்களுக்குச் சொல்வதைப்போல. அம்மா பக்கத்தில் கனமில்லாத பையோடு நடந்தாள்.

"நல்லா இருக்கே, பச்சப் புள்ளையத் தள்ள விட்டுட்டு நோகாம போறாரு" என்றார் எதிரே வந்தவர் ஒருவர். மற்ற நாளாக இருந்தால் பீரோ சண்டைக்குப் போயிருப்பார். இன்று காதிலேயே வாங்கவில்லை. முதுகில் இரண்டு சின்னக் கைகளின் சூடு இருந்தது, கைகள் நடுங்கவில்லை. அழுகை வந்தது அவருக்கு.

மேலே வந்து சேர்ந்தபோது மணி பத்து இருபத்தெட்டு. சிட்டு மறுபடி காலரைக் கடித்துக்கொண்டிருந்தாள். தண்டவாளத்தில் ஓடும் பெரிய இரும்புக் கேட் மூடியிருந்தது. உள்ளே படியில் தலைமை ஆசிரியை நின்றிருந்தார். காவலாளி திறக்க வந்தார்.

"விட்டுருங்கய்யா" என்றார் பீரோ. "அவ தள்ளட்டும்."

அம்மா திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள்.

சிட்டு இரண்டு உள்ளங்கையையும் கம்பியில் வைத்தாள். கேட் நகரவில்லை. காலை அகட்டி ஊன்றி மறுபடி தள்ளினாள். இரும்பு தண்டவாளத்தில் உரசிப் பல் கூசக் கிறீச்சிட்டது. அம்மா ஓரடி முன்னே வந்தாள். இந்தச் சத்தம் ஒன்று போதும், பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். படியில் நின்றவர் ஒரு படி இறங்கினார். கேட் மறுபடி கிறீச்சிட்டது. சிட்டுவின் வாயிலிருந்து ஈரக் காலர் நழுவி விழுந்தது. கைகள் இரண்டும் கம்பியிலேயே இருந்தன.