தூணுக்குள் நின்ற கொத்தனார்

அந்த வீட்டில் குடியிருந்த பஸ் டிரைவர், ஓயாமல் விரிசல் விட்ட கூடத்துத் தூணை உடைத்தபோது, உள்ளே ஒரு கொத்தனார் இரண்டு கைகளையும் தூக்கி மாடியைத் தாங்கிக்கொண்டு நின்றார். வெளிச்சம் பட்டுக் கண்ணைச் சுருக்கியவர், "உத்திரம் வந்துடுச்சா?" என்று கேட்டார். பிறகு டிரைவரின் மனைவியைப் பார்த்து, "மூக்கை மட்டும் கொஞ்சம் சொறிஞ்சு விடும்மா" என்றார். அவள் சொறிந்துவிட்டாள்.

வீடு கட்டிய காலத்தில் கூடத்துக்குக் குறுக்கே உத்திரம் வைக்க அவர் மறந்துபோனார். மாடிச் சுவர் பாதி எழும்பிய பிறகுதான் உறைத்தது. "ஓடிப்போய் எடுத்துட்டு வாங்க, அதுவரைக்கும் நான் பிடிச்சுக்கறேன்" என்று ஆட்களை அனுப்பிவிட்டுக் கைகொடுத்து நின்றார். போனவர்கள் போனவர்கள்தான். பூச்சு வேலைக்கு வந்த வேறு ஆட்கள், சிமெண்ட் படிந்து அசையாமல் நின்றவரைத் தூண் என்று நினைத்து, சுற்றிலும் செங்கல் அடுக்கி நேர்த்தியாகப் பூசிவிட்டார்கள். தப்பு தன்னுடையது என்பதால் அவர் வாய் திறக்கவில்லை. கையை எடுத்தால் மாடியில் இருப்பவர்கள் கீழே வந்துவிடுவார்கள் என்பதால் எடுக்கவும் இல்லை. அவர் தும்மும்போதெல்லாம் தூணில் ஒரு விரிசல் ஓடும். குடிவந்த ஒவ்வொரு குடும்பமும் அதில் பட்டி பார்த்து, பெயின்ட் அடித்து, காலண்டர் மாட்டியது. பாவம், மனுஷன் ஜலதோஷத்தைக்கூட அடக்கிக்கொண்டு நின்றிருக்கிறார்.

டிரைவர் எதற்கும் ஆள் கூப்பிடாதவர். "நானே பார்த்துக்கறேன்" என்பார். அவர் மாட்டிய அலமாரி விழுந்தது, அவர் சரிசெய்த குழாய் கூரை வரை பீச்சியது. அத்தனையையும் கொத்தனார் உள்ளேயிருந்து கேட்டிருந்தார். லீவு கிடைத்த நாளெல்லாம் டிரைவர் ஜாக்கி வைத்து முட்டுக்கொடுத்து இரும்பு உத்திரத்தை ஏற்றினார். தையல் வேலை செய்யும் மனைவி டேப்பைப் பிடித்துப் பார்த்து, "இந்தப் பக்கம் இறங்கியிருக்குங்க" என்பாள். முணுமுணுத்துக்கொண்டே இறக்கி, மறுபடி ஏற்றுவார். அதற்குள் ஒரு பெண் குழந்தை பிறந்து, சாப்பிடவும் பழகிவிட்டது. குழந்தைக்கு ஊட்டிய கையோடு அவள் கொத்தனாருக்கும் ஊட்டினாள்.

கடைசியில் உத்திரம் இம்மியும் பிசகாமல் உட்கார்ந்தது. கொத்தனார் கையை எடுக்கவில்லை. "உன்னை நம்பாம இல்ல தம்பி. கைதான் நம்ப மாட்டேங்குது" என்றார். டிரைவருக்கு முகம் விழுந்துவிட்டது. ரோஷத்தோடு பீரோவை மாடிக்கு இழுத்துப்போய், நேர் மேலே நிறுத்திக் காட்டினார். "பீரோ விழுந்தா நிமித்தி வெச்சுக்கலாம் தம்பி" என்றார் கொத்தனார், குரலை உயர்த்தாமல்.

மனைவிக்குத்தான் பொறுக்கவில்லை. "நாம இன்னும் சமையல்கட்டுலதானே படுத்துக்கிட்டிருக்கோம். நீங்களே மாடியில படுக்கப் பயந்துகிட்டு, அவரை மட்டும் கையை எடுக்கச் சொன்னா எப்படிங்க?" என்றாள். டிரைவருக்கும் பயம்தான், அதைச் சொல்லத்தான் வெட்கம். அன்று மதியமே அவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மாடிக்கு ஏறினாள். டிரைவர் தடுக்கவில்லை. கொத்தனாருக்குப் பக்கத்தில் போய் நின்று, தன்னையறியாமல் இரண்டு கைகளையும் தூக்கி உத்திரத்தைத் தாங்கினார்.

"மேல யாரு?" என்று கேட்டார் கொத்தனார்.

"என் பொண்ணு."

கொத்தனார் டிரைவரின் தூக்கிய கைகளைப் பார்த்தார். மாடியிலிருந்து, "தூங்கிட்டா" என்று குரல் வந்தது. "சரி, ரெண்டு பேருமா எடுப்போம்" என்றார் கொத்தனார். எடுத்தார்கள். எதுவும் நடக்கவில்லை. டிரைவர் நின்ற இடத்திலேயே அழுதார். கொத்தனார் நாற்காலியைத் தேடிப் போய் உட்கார்ந்தார், உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார்.

பிறகு அவர் அந்த வீட்டிலேயே தங்கிவிட்டார். ரேஷன் கார்டில் பெரியப்பா என்று எழுதிக்கொண்டார்கள். மகள் இப்போது மாடியில் கயிறு தாண்டிக் குதிக்கிறாள். அவள் குதிக்க ஆரம்பித்ததும் கீழே இரண்டு ஆண்களும் டீயை வைத்துவிட்டு அண்ணாந்து பார்க்கிறார்கள். கைகள் தோள் வரைக்கும் எழும்பிவிட்டு, டீக்கே திரும்பிவிடுகின்றன.