உலக்கை ஓய்ந்த ஊர்

டோலியைத் தோள் மாற்றும்போதுதான் சாந்தம்மாளுக்கு உறைத்தது. ஊருக்குள் உலக்கைச் சத்தம் இல்லை.

கார்த்திகை மாதம். சாமையெல்லாம் வீடு வந்து சேர்ந்திருக்கும். இந்நேரம் பத்துக் கல்லுரலாவது இடிபட வேண்டும். வேலூர் ஆஸ்பத்திரியில் கிடந்த பன்னிரண்டு நாளும் அவள் புருஷன் அருணகிரி அதற்குத்தான் ஏங்கினான். "இங்க பஸ்ஸு சத்தம்தான் சாந்தா. நம்மூர் ஒலக்கை காதுல வுழுந்தா தூங்கிடுவேன்." டாக்டர் கையை விரித்ததும், கொழுந்தன் சின்னதம்பியும் மூன்று ஆட்களும் பஸ் நிற்கிற இடத்திலிருந்து கம்பளியை டோலியாகக் கட்டி அவனைத் தூக்கி வந்தார்கள். வெயிலுக்காக அவன் முகத்தில் துண்டைப் போட்டவள் சாந்தம்மாள்தான்.

மேட்டிலிருந்து பார்த்தவர்களுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும்? சாவு விழுந்தால், பிணம் எல்லை தாண்டும்வரை ஊரில் எவளும் உலக்கையைத் தொடமாட்டாள்.

வீட்டில் கிடத்தியதும் கேட்டுவிட்டான்.

"இன்னா சாந்தா, ஒலக்கை சத்தமே காணோம்? யாரு பூட்டாங்க?"

"யாரும் போவல. எல்லாரும் புளி உலுக்கப் போய்ட்டாங்க."

"கார்த்திகையில புளியா? டாக்டரு ஊசி எனக்குப் போட்டாரா, உனக்குப் போட்டாரா?" சிரிக்கப் பார்த்தான். கை அவள் முந்தானையைப் பற்றியது. "சொல்லு. எனக்கு பயமா கீது."

விரல்களைப் பிரித்துவிட்டு எதிர்வீட்டுக்கு ஓடினாள். ஜெயம்மாள் உலக்கையைச் சுவரில் சாத்திவிட்டு, தலையை அவிழ்த்துவிட்டு, ஒப்பாரிக்குத் தயாராக நின்றாள்.

"ஏண்டி, அவரு உசுரோட கீறாரு! எடுத்துக் குத்துடி!"

"ஐயோ அக்கா, மூஞ்சில துண்டப் போட்டு எடுத்தாந்தீங்களே!" ஜெயம்மாள் தன் இரண்டு பிள்ளைகளையும் இழுத்து இடுப்போடு சேர்த்துக்கொண்டாள். "சாவுக்குன்னு வெச்ச ஒலக்கைய நடுவுல எடுத்தா, எடுத்தவ வூட்ல இன்னொரு சாவு வுழும்க்கா. கால்ல வேணா வுழறேன். என்ன வுட்டுடு."

சாந்தம்மாள் திரும்பி வந்தாள். மூலையில் மகள் செந்தாமரை பாவாடை நுனியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏழு வயது. அவளை ஒருமுறை பார்த்தாள். பிறகு அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. வாசல் உரலில் இரண்டு படி சாமையைக் கொட்டி, உலக்கையை எடுத்தாள்.

முதல் குத்து விழுந்தது.

"ஜெயம்மாவா குத்தறது?" உள்ளேயிருந்து குரல்.

"ஆமாய்யா, அவதான்."

"அவ ரெண்டு குத்துக்கு ஒருதரம் நின்னு மூச்சு வாங்குவா. இது உன் கை."

உலக்கை அந்தரத்தில் நின்றது.

"நிறுத்தாத சாந்தா."

குத்தினாள். உள்ளே இருமல் கேட்டது. வெகுநேரம் கழித்து இன்னொன்று. அப்புறம் கேட்கவில்லை. அவள் எட்டிப் பார்க்கவில்லை.

சின்னதம்பி வெளியே வந்தான். தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்திருந்தான்.

"அண்ணி, போதும்."

உலக்கை ஏறி இறங்கியது.

"கொயந்த பயந்து அழுவுது அண்ணி. போதும், வா."

உரலில் சாமை உமி கழன்று, அரிசியாகி, நொய்யாகி, எப்போதோ மாவாகியிருந்தது. சாந்தம்மாள் குனிந்து, கூடையிலிருந்து இன்னும் ஒரு கை அள்ளி அதில் போட்டாள்.