ராஃப்ட்காரன் முடிச்சு

நர்ஸ் ரோசலினை நீலாவதி அந்த ஒரு நாளில் திட்டாத திட்டில்லை. எழுதின கை விளங்காமல் போக என்றுகூடச் சபித்தாள். அதே நீலாவதிதான் பிறகு ஆயுசு முழுக்க, சாமிக்கு விளக்கேற்றும்போது அந்த வேதக்காரப் பெண்ணின் பேரையும் சேர்த்துச் சொன்னாள். முதலில் திட்டின கதையைக் கேளுங்கள்.

நீலாவதியின் புருஷன் ஜம்புலிங்கத்துக்குச் சாத்தம் தீவு மர மில்லில் வேலை. மற்ற தீவுகளிலிருந்து கடலில் இழுத்து வரும் மரங்கள் மில்லை ஒட்டின தண்ணீரில் மிதக்கும். அவற்றின்மேல் நடந்து, கொக்கியால் தள்ளி, ராஃப்ட் என்கிற தெப்பமாகக் கயிறு போட்டுக் கட்டுகிற ஆள் அவன். அறுபத்தெட்டாம் வருஷம் ஆடியில் ஒரு மரம் உருண்டு தலையில் அடித்தது. உயிர் பிழைத்தது பெரிய காரியம். ஆனால் புத்தி நிலையாக இல்லை. காலையில் தெளிவாகப் பேசுவான். மில் சங்கு ஊதினால் போச்சு. "டூட்டிக்கு நேரமாச்சு" என்று தீவுக்குப் போகும் பாலத்தைத் தாண்டி ஓடி, மிதக்கிற மரத்தில் கால் வைத்துவிடுவான். இரண்டு தடவை கூட்டாளி பன்னீர்செல்வம் குதித்து இழுத்துப் போட்டான். மூன்றாம் தடவை பக்கத்தில் யார் இருப்பார்களோ?

நீலாவதிக்குப் பிள்ளை குட்டி இல்லை. சொந்தக்காரர் முகம் பார்க்க வேண்டுமானால் கப்பலேற வேண்டும். குழாயடிக்கும் ரேஷனுக்கும் அவள் ஒருத்திதான் போக வேண்டும்.

ஒருநாள் காலையில் ஜம்புலிங்கமே சொன்னான்: "சங்கு ஊதறதுக்கு முன்னாடி என்னைக் கட்டிப் போட்டுடு, நீலா." அழுதுகொண்டே கட்டினாள். இரண்டு நிமிஷத்தில் அவிழ்த்துவிட்டான். ராஃப்ட் கட்டின கைக்கு அவள் முடிச்சு எம்மாத்திரம்? மறுநாள் அவனே கணுக்காலைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டிக்கொண்டான். இழுக்க இழுக்க இறுகுகிற முடிச்சு. கூர் இரும்பு ஒன்றை உள்ளே விட்டு நெம்பினால்தான் அவிழும். அந்த இரும்பை அவள் கையில் கொடுத்து, "நான் கேட்டாலும் தராதே" என்றான். நாலு மாதம் அது அவள் இடுப்பிலேயே இருந்தது.

வாரத்துக்கு ஒருதரம் லைன் வீடுகளைப் பார்க்க வரும் ரோசலின், அன்று தலைக் காயத்தைப் பார்க்க வந்தவள், அதுவரை நீலாவதி போர்வையால் மறைத்து வந்த காலைப் பார்த்துவிட்டாள். தோல் உரிந்து சீழ் கோத்திருந்தது.

"இது யாரு செஞ்ச வேலை?"

ஜம்புலிங்கம் பெருமையாகச் சிரித்தான். "என் முடிச்சு, சிஸ்டர். எவனாலயும் அவுக்க முடியாது."

அந்த நேரம் பார்த்து மத்தியானச் சங்கு ஊதியது. அவன் முகம் மாறிப்போனது. "எவண்டி என்னைக் கட்டினது? அவுத்துவிடுடி!" என்று கட்டிலோடு இழுத்தான். புண்ணில் ரத்தம் கசிந்தது.

"கட்டுன்னு சொல்லுதவரும் இவருதான், அவுத்துவிடுன்னு கதறுதவரும் இவருதான். நான் யாரு பேச்சைக் கேக்க, அக்கா?" என்றாள் ரோசலின்.

நாலு மாதமாக நீலாவதியும் அதைத்தான் தன்னையே கேட்டுக்கொண்டிருந்தாள். "தூக்க மாத்திரையாவது குடுங்களேன், சிஸ்டர்."

"நீங்க தண்ணி பிடிச்சிட்டு வரதுக்காக மனுஷனை மருந்துல கிடத்த முடியாது. டாக்டர் சொல்லாம நான் தரவும் கூடாது." பையிலிருந்து நோட்டை எடுத்தாள்.

நீலாவதி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எழுதாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். கட்டிப் போட்ட ஆளுன்னு தெரிஞ்சா பாகல், பைத்தியம்னு சொல்லி மெயின்லேண்டுக்குக் கப்பலேத்திடுவாங்க. எனக்கு இருக்கறது இவர் ஒருத்தர்தான்."

ரோசலினுக்கும் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் பேனாவை மூடவில்லை. "பாத்ததை எழுதாம இருக்க மாட்டேன், அக்கா. கால் அழுகிப்போனா யாரு பதில் சொல்லுவா? நாப்பது வீடு எனக்கு. தினமும் வந்து இவரைப் பிடிச்சிட்டு உக்காரவும் முடியாது." பிறகு நீலாவதியை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்க கடைசியா எப்போ நல்லாத் தூங்கினீங்க?"

"அது கெடக்கட்டும்" என்றாள் நீலாவதி.

ரோசலின் புண்ணைக் கழுவிக் கட்டினாள். பிறகு வெகுநேரம் எழுதினாள். அவள் படியிறங்கினதும் ஆரம்பித்த திட்டுதான் முதலில் சொன்னது.

மறுநாள் விடிந்ததும் ஆஸ்பத்திரி ஜீப் வந்தது. கப்பலுக்குத்தான் என்று நினைத்து, நீலாவதி இரண்டு பேர் துணியையும் மூட்டை கட்டினாள். அவனை ஏற்றினால் தானும் ஏறிவிடுவது என்று முடிவு. ஆஸ்பத்திரி பெஞ்சில் அவன் கையை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்தாள். வங்காளி டாக்டர் நோட்டைப் புரட்டிவிட்டுக் கூப்பிட்டார்.

"நீலாவதி!"

அவள் அசையவில்லை.

"நீலாவதி கௌன் ஹை?" யாரது என்று சத்தமாகக் கேட்டார் டாக்டர்.

பதறி எழுந்து புருஷனை முன்னால் தள்ளினாள். "பேஷண்ட் இவர்தான், சாப்."

"உங்களைத்தான் கூப்பிடுதாரு, அக்கா" என்று ரோசலின் நோட்டைக் காட்டித் தமிழில் வாசித்தாள். முதல் வரி ஜம்புலிங்கம், கணுக்கால் புண், கயிற்றால் வந்தது. அடுத்த வரி நீலாவதி, வயது முப்பத்தாறு, நாலு மாதமாகத் தூக்கமில்லை. உதவிக்கு ஆளில்லாமல்தான் கயிறு வந்தது. இருவருக்கும் படுக்கை தேவை.

டாக்டர் பத்து நாள் எழுதினார். கப்பல் பேச்சையே எடுக்கவில்லை.

பத்து நாளில் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். பின்னால் பன்னீர்செல்வமும் கூட்டாளிகளும் முறை வைத்துக்கொண்டு, சங்கு நேரத்தில் அவனைக் கைபிடித்து நடத்திப்போய் உட்கார வைத்தார்கள். ஆள் வராத நாளில் கயிறும் வந்தது, துணி சுற்றி, இறுகாத முடிச்சாக. அதையும் ரோசலின் விடாமல் நோட்டில் எழுதினாள். நீலாவதி அதற்குப் பிறகு எழுதவிடாமல் அவள் கையைப் பிடிக்கவில்லை.

ஆனால் அந்த முதல் நாள். பெண்கள் வார்டில் வெள்ளை விரிப்பின்மேல் அவள் சும்மா கிடந்தபோது, தூரத்தில் மத்தியானச் சங்கு ஊதியது. துள்ளி எழுந்து இடுப்பைத் தடவினாள். இரும்பு இல்லை, ரோசலின் வாங்கி வைத்திருந்தாள்.

"படுங்க அக்கா. அவருகிட்ட ஆள் இருக்கு."

"மகராசி, நேத்து உன்னை என்னென்னவோ திட்டிட்டேன்" என்று அழுதாள் நீலாவதி.

"வாசல்லயே கேட்டுச்சு. படுங்க."

படுத்தாள். சங்கு ஊதி ஓய்வதற்குள் தூங்கிப்போனாள்.